கடல் எஞ்சின் சிங்காநல்லூருக்கு வந்த கதை

தென்பாண்டி நாட்டிலிருந்து கோவைக்கு வருவோர் முதலில் காலடி வைக்கும் இடம் எங்கள் சிங்காநல்லூர். மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் முதலிய ஊர்களிலிருந்து இரவெல்லாம் ஓடிவரும் பேருந்துகள், கிழக்கு வெளுக்கும் வேளையில் எங்கள் பேருந்து நிலையத்தில் வந்து நிற்கின்றன. இறங்குவோரின் கைகளைப் பார்த்தாலே அவர் எவ்வூரார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். மதுரைக்காரர் கையில் மல்லிகைப் பூ. நெல்லைக்காரர் கையில் அல்வாப் பொட்டலம். குமரிக் கடற்கரையார் கையில் கருவாட்டு மூட்டை. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் வந்திறங்கிய மூட்டையோ இவற்றுள் எதிலும் சேராதது.

காலைத் திருப்பலி முடித்து வெளியே வந்தேன். கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில், சாக்குத் துணியால் சுற்றப்பட்ட நீண்ட பொருள் ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அருகே இருவர் நின்றிருந்தனர். ஒருவர் எங்கள் பங்கைச் சேர்ந்தவர். மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலை செய்பவர். மற்றவர் அவருடைய மனைவியின் அண்ணன். முட்டத்திற்கு அப்பாலுள்ள ஒரு கடற்கரைச் சிற்றூரின் மீனவர். வெயிலும் உப்புக் காற்றும் கருக்கிய முகம், கண்களில் உறக்கமின்மை. சாக்கை விலக்கிக் காட்டினார். உள்ளே இருந்தது வள்ளத்தின் பின்புறத்தில் மாட்டும் எஞ்சின். பத்துக் குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைந்தது. ஜப்பான் நாட்டுத் தயாரிப்பு. பதினைந்து ஆண்டு கடலில் உழைத்தது.

“சாமி, நீங்கள்தாம் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும்” என்றார் எங்கள் பங்கைச் சேர்ந்தவர்.

வழக்கு இதுதான். எஞ்சின் சில மாதங்களாக முரண்டு பிடிக்கிறது. கயிற்றை இருபது முறை இழுத்தால் ஒரு முறை கிளம்புகிறது. கிளம்பினாலும் நடுக்கடலில் மூச்சு முட்டுகிறது. ஊரில் காட்டியபோது முழுவதும் பிரித்துச் செப்பனிடப் பெருந்தொகை ஆகும் என்றார்கள். புதிய எஞ்சின் வாங்குவதென்றால் இலட்சத்தைத் தாண்டும். பழைய கடனே அடையவில்லை. “கோயம்புத்தூரில் எழுதப் படிக்கத் தெரியாதவனும் மோட்டார் பிரிப்பான். கொண்டு வாருங்கள் மச்சான், நாமே பிரித்து மாட்டிவிடுவோம்” என்று மைத்துனர் தொலைபேசியில் உற்சாகமூட்டியிருக்கிறார். அதை நம்பி நானூறு கிலோமீட்டருக்கு மேல் எஞ்சினைச் சுமந்து வந்துவிட்ட மீனவருக்கு, வந்தபின் மனம் தளர்ந்துவிட்டது.

“மாப்பிள்ளை கெட்டிக்காரர்தான், சாமி. ஆனால் ஆடிக் காற்று அடங்கினால் இந்த எஞ்சினை நம்பி என் மகன் கடலுக்குப் போக வேண்டும். இங்கே மோட்டார் நின்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் பாயாது. அங்கே நின்றால்…” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். 2017ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் வீசிய ஒக்கிப் புயலைக் கண்ட ஊர் அவருடையது. அவர் நிறுத்திய இடத்தில் நானும் எதுவும் கேட்கவில்லை.

பழைய பொறி ஒன்று பழுதுபட்டால் நாமே பிரிக்கலாமா, தொழிலாளியிடம் கொடுக்கலாமா என்பது எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. அரவை இயந்திரம், தையல் இயந்திரம், மோட்டார் சைக்கிள் என்று எதற்கும் அது பொருந்தும். ஆனால் ஓர் இளைஞனின் உயிர் அதில் தொங்கும்போது, பங்குத்தந்தை தம் வாயில் வந்ததைச் சொல்லிவிட முடியாது. “தீர்ப்பு இருக்கட்டும், முதலில் காப்பி குடியுங்கள். பிறகு விவரமறிந்த ஒருவரிடம் போவோம்” என்றேன்.

காப்பிக்குப் பின் எஞ்சினை ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றிப் புறப்பட்டோம். இந்த ஊரை அறியாத வாசகர்களுக்காக இதன் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். சிங்காநல்லூர் ஒரு காலத்தில் தனி நகராட்சி; 1981இல் கோவை மாநகராட்சி உருவானபோது அதனோடு இணைந்தது. பஞ்சாலைகளின் சங்கொலியில் விழித்தெழுந்த ஊர் இது. ஆலைகள் பலவும் பின்னர் மூடப்பட்டன. ஆனால் ஆலைகளுக்குத் துணையாகப் பிறந்த சிறு பட்டறைகள் மறையவில்லை. தெருவுக்குத் தெரு லேத்து, வெல்டிங், காயில் கட்டும் கடை, வார்ப்படம் ஊற்றும் பவுண்டரி.

கடலே இல்லாத கொங்கு நாடு, நீர் இறைக்கும் பொறிக்குப் புகழ்பெற்றதற்குக் காரணம் உண்டு. இங்கே மழை குறைவு, கிணறு ஆழம். கவலை ஏற்றம் கட்டி, மாடுகள் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்த நாடு இது. 1932இல் பைக்காரா நீர்மின் திட்டம் செயற்படத் தொடங்கி, மலையிலிருந்து மின்சாரம் சமவெளிக்கு இறங்கிற்று. 1937இல் ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் ஆகியோர் முயற்சியால் பீளமேட்டில் மின்மோட்டார் உருவாயிற்று. நம் நாட்டிலேயே முதன்முதலாகச் செய்யப்பட்ட மோட்டார் என்று அதனைப் போற்றுவர். நாயுடு பிறந்த கலங்கல் எங்களுக்குக் கிழக்கே சூலூர்ப் பக்கத்துச் சிற்றூர். அன்று தொடங்கிய பம்புத் தொழில் வளர்ந்து, கோவைப் பம்பு இறைக்காத கிணறு இந்தியாவில் அரிது என்னும் நிலை வந்தது. ஆகவே மைத்துனர் பெருமை பேசியதிலும் ஒரு நியாயம் உண்டு.

நாங்கள் போய்ச் சேர்ந்தது எழுபது வயதைத் தாண்டிய ஒரு மெக்கானிக்கின் பட்டறைக்கு. இரு சக்கர வண்டி, ஜெனரேட்டர், மருந்தடிக்கும் இயந்திரம் என்று சிறு எஞ்சின்களிலேயே வாழ்நாளைக் கழித்தவர். எங்கள் சமயத்தவர் அல்லர். ஆயினும் கோயில் மோட்டாரைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவர். அவர் திறமையை நான் அறிந்த விதம் சற்று நாணத்துக்குரியது.

நான் இப்பங்குக்கு வந்த புதிதில், கிணற்று மோட்டாரில் நீர் கசிந்தது. இதற்கு ஓர் ஆளா என்று எண்ணி ஒரு சனிக்கிழமை நானே கழற்றினேன்; கசிவையும் நிறுத்தினேன்; கம்பிகளை மீண்டும் பொருத்திச் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் இனிதாக ஓடிற்று. குழாயிலோ சிறு விரல் அளவுக்குத்தான் நீர். கிணறு வற்றிவிட்டது என்று முடிவு செய்து, மறுநாள் திருப்பலியில் மழைக்காக மன்றாடும்படி மக்களைக் கேட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை இந்தப் பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார். மும்முனை மின்சாரத்தின் மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றிக் கட்டியிருந்தேன். மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கம்பிகளை மாற்றியதும் நீர் பீறிட்டது. “சாமி, கிணத்துல தண்ணி நிறைய இருக்குதுங்க” என்றார், சிரிக்காமல்.

அவர் கடல் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஐந்து நிமிடம் எதையும் தொடவில்லை. பிறகு மீனவரிடம் கேட்டார்: “ஏனுங்க, இதை முன்னே யாராவது பிரிச்சாங்களா? கடல் தண்ணிக்குள்ளே விழுந்துச்சா? மண்ணெண்ணெயிலே ஓட்டுவீங்களா?”

கடைசிக் கேள்விக்கு விளக்கம் தேவை. நம் தென்கரையின் வள்ள எஞ்சின்களில் பல, பெட்ரோலில் கிளம்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுபவை. நிறுத்துவதற்குச் சற்று முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்ட வேண்டும். அவ்வாறு செய்யாவிடில் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த முறை எஞ்சின் கிளம்ப அடம் பிடிக்கும். மீனவர் தலை குனிந்தார். “பெட்ரோல் விலை ஏறிய பிறகு கடைசியில் மாற்றுவதை விட்டுவிட்டோம், சாமி” என்றார். சிக்கனம் என்று எண்ணியது பெருஞ்செலவுக்கு வழி வகுத்திருக்கிறது. வறுமை பலரையும் இவ்வாறுதான் ஏமாற்றுகிறது.

பெரியவர் கருவிப் பெட்டியைத் திறந்தபோது அவரிடம் இந்த எஞ்சினின் பிறப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். படகின் வெளிப்புறத்தில் மாட்டும் எஞ்சினை உலகறியச் செய்தவர் ஓலே எவின்ரூட் என்பவர். நார்வே நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். அவருடைய தொழில், பவுண்டரியில் வார்ப்படத்திற்கான மரமாதிரி செய்வது. கோடை வெயிலில் ஏரியின் அக்கரைக்குத் துடுப்புப் போட்டுச் சென்று ஐஸ்கிரீம் வாங்கித் திரும்புவதற்குள் அது உருகிவிட, அன்று பிறந்ததாம் இந்த யோசனை. 1909இல் மில்வாக்கி நகரில் அவர் எஞ்சின்கள் விற்பனைக்கு வந்தன. மரமாதிரி செய்பவர் என்றதும் பெரியவர் முகம் மலர்ந்தது. “அப்படின்னா நம்ம ஆளுதானுங்க!” என்றார். அந்த எவின்ரூட் பெயரில் எஞ்சின் செய்வதை அதன் உரிமையாளர்கள் 2020இல் நிறுத்திவிட்டார்கள். பழைய எஞ்சின் வைத்திருப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. கை எவ்வளவு திறமையுடையதாயினும், உதிரிப்பாகம் கிடைக்காத எஞ்சினைப் பிரிப்பதில் பயனில்லை.

குமரிக் கடற்கரைக்கு இந்த எஞ்சின்கள் வந்த வரலாறும் தனியானது. கட்டுமரமும் பாயும் துடுப்புமாக இருந்த கரை அது. பெல்ஜியத்திலிருந்து வந்து கோட்டாறு மறைமாவட்டத்தில் பணியாற்றிய தந்தை ஜேம்ஸ் தொம்பேர், மீனவர் தம் மீனைத் தாமே விற்கும் சங்கங்கள் ஊர்தோறும் அமைய உழைத்தார். 1970களில் முட்டத்தில் படகு கட்டும் நிலையம் இயங்கிற்று. அங்கே பியர் ஜில்லெ என்னும் பெல்ஜிய நாட்டுக் கப்பல் பொறியாளர், உள்ளூர் மீனவரோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு தோன்றியது. அதே பத்தாண்டில் ஜப்பானிய எஞ்சின்கள் கரையெங்கும் பரவின. எஞ்சினை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது, அதைச் செப்பனிடும் கையும் கரையிலேயே இருக்க வேண்டும் என்று அந்தக் கூட்டமைப்பு உணர்ந்து, பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்திற்று. ஆக, கடற்கரையிலும் இந்தத் தொழிலுக்கென்றே பயின்றவர்கள் இருக்கிறார்கள். கோவைக்காரன்தான் மோட்டார் அறிவான் என்பது எங்கள் மைத்துனரின் எண்ணம் மட்டுமே.

இனிப் பட்டறைக்குத் திரும்புவோம். பெரியவர் முதலில் செய்தது ஒரு சோதனை. இரு சிலிண்டர்களின் பிளக்குகளையும் கழற்றி, அத்துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, கயிற்றை நான்கைந்து முறை இழுக்கச் சொன்னார். இரு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஏறத்தாழச் சமமாக நின்றது. “இதுலே ஒண்ணு ரொம்ப இறங்கியிருந்தா, வேற எதுக்கும் காசு செலவழிக்க வேண்டாம்னு சொல்லியிருப்பேனுங்க. இதுக்கு இன்னும் உசிரு இருக்குது” என்றார். எஞ்சினைப் பிரிக்கும் முன்பே, அது பிரிக்கத் தகுந்ததா என்று அறியும் வழி இருக்கிறது. மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் இது முதல் வேலை.

இரண்டாவதாக, அடியிலுள்ள கியர் பெட்டியின் திருகைச் சற்றே தளர்த்தினார். தேன் நிறத்தில் வர வேண்டிய ஆயில், பால் ஊற்றிய தேநீரைப் போல் வந்தது. உள்ளே கடல்நீர் புகுந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். புரொப்பல்லரைக் கழற்றினார். அதற்குப் பின்னால் தண்டைச் சுற்றி நைலான் நூல் முறுக்கிக்கொண்டு இறுகிக் கிடந்தது. தூண்டில் நூலோ, வலையிலிருந்து அறுந்த இழையோ! அந்த மெல்லிய நூல், தண்டைக் காக்கும் ரப்பர் சீலை அறுத்துவிட்டிருந்தது. மீனவர் அந்நூலைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாரம் ஒரு முறை புரொப்பல்லரைக் கழற்றிப் பார்க்க ஒரு கொறடும் பத்து நிமிடமும் போதும்.

மூன்றாவது, நீர்ப்பம்பு. கடல் எஞ்சின் கடல்நீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அதற்காக அதன் கால் பகுதியில் ஒரு சிறு பம்பு உண்டு. “பாருங்கள் மச்சான், இதற்குள்ளும் ஒரு பம்பு! பம்பு என்றால் நம் ஊர்தானே!” என்று மைத்துனர் துள்ளினார். இம்பெல்லர் தேய்ந்திருந்தால் பக்கத்து பவுண்டரியில் வார்த்துவிடலாம் என்றார். பெரியவர் தலையசைத்து மறுத்தார். கிணற்றுப் பம்பின் இம்பெல்லர் வார்ப்பிரும்பு. இதுவோ வளையும் இதழ்களையுடைய ரப்பர். உறையின் சுவரில் உரசிக்கொண்டே நீரைத் தள்ளுவது. நீரில்லாமல் சில நொடிகள் ஓடினாலே கருகிவிடும். பெயர் ஒன்று, இயல்பு வேறு. நல்ல வேளையாக, மீனவர் ஊரிலிருந்தே புதிய இம்பெல்லரை வாங்கி வந்திருந்தார்.

அதை மாற்ற, கால் பகுதியை இறக்க வேண்டும். போல்ட்டுகளில் ஒன்று மட்டும் அசையவில்லை. அலுமினிய உடலில் எஃகுப் போல்ட்டு. இடையே பதினைந்து ஆண்டு உப்பு. நீண்ட குழாயைச் சாவியில் செருகி ஓங்கித் திருப்ப முனைந்தார் மைத்துனர். பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அது முறிஞ்சா இன்னிக்கு ஒரு நாள் வேலை பத்து நாள் ஆயிடுமுங்க. ராத்திரி ஆயில்லே ஊறட்டும்” என்றார். அன்றைய வேலை அத்துடன் நின்றது.

மாலையில் மீனவரை அழைத்துக்கொண்டு எங்கள் குளக்கரைக்குச் சென்றேன். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் ஆற்றின் நீரால் நிறையும் குளங்களுள் ஒன்று சிங்காநல்லூர்க் குளம்; பரப்பு சுமார் 288 ஏக்கர். ஆகாயத்தாமரை ஒருபுறம் மூடிக்கிடக்க, மறுபுறத்து நீரில் நாரைகளும் நீர்க்காகங்களும் நின்றிருந்தன. நகரத்தின் கழிவையெல்லாம் தாங்கிக்கொண்டும் இத்தனை உயிர்களுக்கு இடம் கொடுக்கும் இக்குளத்தை, 2017இல் மாநகராட்சி பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக ஏற்றுக்கொண்டது. தண்ணீரைக் கண்டதும் மீனவர் முகம் தெளிந்தது. “எஞ்சினை இங்கேயே ஓட்டிப் பார்க்கலாமா, சாமி?” என்று கேட்டார். ஆயிலும் புகையும் கலக்கும் எஞ்சினைப் பறவைகளின் நீரில் இறக்குவது தகாது என்றேன். அவரும் ஒப்புக்கொண்டார். கடலை நம்பி வாழ்பவர். நீரின் அருமையை அவருக்கு நான் கற்பிக்க வேண்டியதில்லை.

கரையில் அமர்ந்தோம். அவர் மகனைப் பற்றிச் சொன்னார். வயது இருபத்திரண்டு. எஞ்சினை ஓட்டத் தெரியும், திறந்து பார்த்ததில்லை. “நான் அவனைத் தொட விட்டதில்லை, சாமி. கெடுத்துவிடுவானோ என்று பயம்” என்றார். “நடுக்கடலில் அது நின்றால் தொட வேண்டியவர் யார்?” என்று கேட்டேன். அவர் பதில் கூறவில்லை. சூரியன் மருதமலைப் பக்கம் சாயும் வரை பேசாதிருந்தோம். பிறகு அவராகவே, தொலைபேசியை எடுத்து மகனை அழைத்தார். மறுநாள் விடியற்காலைப் பேருந்தில் அந்த இளைஞனும் வந்திறங்கினான்.

இரவு ஊறிய போல்ட்டு, காலையில் மெல்லச் சூடு காட்டியதும் முனகிக்கொண்டே வெளியே வந்தது. அதன் பிறகு பெரியவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கருவியை அந்த இளைஞன் கையில் கொடுத்துவிட்டுத் தாம் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். பழைய இம்பெல்லரை அவனே எடுத்தான். இதழ்களில் இரண்டு உடைந்திருந்தன. உடைந்த துண்டுகள் நீர்ப்பாதையை அடைக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தேடி எடுக்கும் வரை பெரியவர் விடவில்லை. புதியதைப் பொருத்தும்போது தண்டு சுற்றும் திசையிலேயே திருப்பி, இதழ்கள் சரியான பக்கம் வளைய வைத்தான். எரிபொருள் வடிகட்டியைக் கழுவினான். கார்புரேட்டரைப் பிரிக்குமுன் ஒவ்வொரு நிலையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான். பிசினாகப் படிந்திருந்ததைப் பெட்ரோலால் கழுவி, நுண்துளைகளைக் கம்பி செருகாமல் காற்றால் ஊதினான். பிளக்குகளை மாற்றினான். கியர் பெட்டியின் பழைய ஆயிலை வடித்துப் புதியதை நிரப்பினான்.

எஞ்சியது அறுந்த சீல். அதையும் மாற்றிவிடலாம் என்றார் மைத்துனர். இளைஞனுக்கும் இப்போது துணிவு வந்திருந்தது. பெரியவர் எழுந்து கை கழுவிக்கொண்டார். “என்னாலே அதைக் கழட்ட முடியுமுங்க. மாட்டவும் முடியும். ஆனா சரியா உட்கார்ந்துச்சான்னு காத்து அழுத்தம் வெச்சுப் பார்க்கிற வசதி எங்கிட்ட இதுக்கு இல்லீங்க. நான் மாட்டினது தப்புன்னா எப்பத் தெரியும்? ஒரு மாசம் கழிச்சு, கரையே தெரியாத இடத்துலே கியர் கடகடன்னு உடையறப்பத்தான் தெரியும். அந்த வேலையை உங்க ஊர்ப் பட்டறையிலேயே கொடுங்க” என்றார்.

என்னிடம் கேட்கப்பட்ட வழக்கின் தீர்ப்பு அந்தப் பெரியவரின் வாயிலிருந்து வந்துவிட்டது. நாமே செய்யலாமா என்று ஐயம் எழும்போது கேட்க வேண்டிய கேள்வி அவர் கேட்டதுதான்: நான் செய்தது தவறென்றால், அது எங்கே, எப்போது தெரியவரும்? கரையில் நிற்கும்போதே தெரிந்துவிடும் வேலையானால் துணிந்து கற்றுக்கொள்ளலாம். பிளக்கைத் தவறாக மாட்டினால் எஞ்சின் கிளம்பாது; இம்பெல்லரைத் தவறாக மாட்டினால் நீர் பீச்சாது; உடனே திருத்திக்கொள்ளலாம். என் கிணற்று மோட்டாரில் நான் செய்த பிழையும் இரண்டு நாளில் வெளிப்பட்டது. என் மானம்தான் சிறிது போயிற்று. ஆனால் நடுக்கடலில் மட்டுமே வெளிப்படும் பிழைக்கு இடமுள்ள வேலையை, அதைச் சோதித்துப் பார்க்கும் கருவியும் பயிற்சியும் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். அங்கே கூலியை மிச்சம் பிடிப்பது மிச்சமாகாது.

மாலையில் கோயில் முற்றத்தில் இருநூறு லிட்டர் டிரம் ஒன்றில் நீர் நிரப்பினோம். வலுவான மரச்சட்டத்தில் எஞ்சினைப் பிணைத்து, புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட்டு, கால் பகுதி நீரில் நன்றாக அமிழும்படி இறக்கினோம். மறைக்கல்வி வகுப்புக்கு வந்த சிறுவர்கள் சூழ்ந்துகொண்டனர். பெட்ரோல் இருப்பதால் அவர்களைத் தொலைவில் நிறுத்தினேன். இளைஞன் கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. தந்தையின் உதடுகள் அசைவதைக் கண்டேன். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் இருமியது; நான்காவதில் முழங்கிற்று. வேப்பமரத்துக் காகங்கள் எல்லாம் பறந்தன.

எவரும் கைதட்டவில்லை, எல்லோருடைய கண்களும் எஞ்சினின் பின்புறத்துச் சிறு துளையிலேயே நிலைத்திருந்தன. பம்பு வேலை செய்தால் அதன் வழியே நீர் பீச்ச வேண்டும். பத்து எண்ணினோம், இருபது எண்ணினோம். முதலில் ஒரு சொட்டு. பிறகு நூல் போல ஒரு கோடு. பிறகு விரல் பருமனில் வளைந்து வந்து டிரம்முக்கு வெளியே தெறித்தது. “தண்ணி வருது!” என்று கத்தினார் எங்கள் மைத்துனர். கோவைக்காரருக்கு அதைவிட இனிய சொல் உண்டோ!

அன்றிரவு நாகர்கோவில் பேருந்தில் தந்தையையும் மகனையும் ஏற்றிவிடச் சென்றேன். கியர் பெட்டியைக் கரையிலுள்ள பட்டறையில் காட்டிச் சீல் மாற்றும் வரை கடலில் இறக்குவதில்லை என்று இருவரும் எனக்கு வாக்குக் கொடுத்தனர். பழுதுபார்க்கக் கேட்கப்பட்ட பெருந்தொகையில் பெரும்பகுதி மிச்சம். சீலுக்கான கூலி மட்டும் செலவு. பெரியவர் கூலி வாங்கவில்லை. பழைய டின் பெட்டி ஒன்றில் ஒரு பிளக் சாவி, இரண்டு மாற்று பிளக்குகள், கொறடு, திருப்புளி, புரொப்பல்லருக்கான மாற்று முள், கயிற்றுத் துண்டு ஆகியவற்றை வைத்து இளைஞனிடம் கொடுத்திருந்தார். “இது படகுலேயே இருக்கோணும். வீட்டுலே வெச்சா பிரயோசனமில்லே” என்று சொல்லி அனுப்பினாராம்.

கரை திரும்பியதும் நன்னீரில் எஞ்சினை அலசுவது, நிறுத்துமுன் பெட்ரோலுக்கு மாற்றுவது, வாரந்தோறும் புரொப்பல்லரைக் கழற்றி நூல் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பது, இம்மூன்றையும் இனித் தானே செய்வதாக மகன் சொன்னான். “நான் பார்த்துக்கொள்கிறேன் அப்பா, நீங்கள் தொட வேண்டாம்” என்று அவன் கூறியபோது தந்தை சிரித்தார். அவர் சிரித்ததை அப்போதுதான் முதன்முறையாகக் கண்டேன்.

அன்பார்ந்த குடும்பத் தலைவர்களே, தலைவியரே! உங்கள் வீட்டிலும் பழைய பொறி ஒன்று மூலையில் முரண்டு பிடித்துக்கொண்டிருக்கலாம். அதைத் திறக்குமுன் அந்த முதியவரின் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். திறக்கலாம் என்று முடிவு செய்தால், நாளை அதை இயக்கப்போகும் மகனையும் மகளையும் அருகில் உட்கார வைத்துத் திறவுங்கள். கெடுத்துவிடுவார்களோ என்று அஞ்சி அவர்கள் கையை நாம் விலக்கி வைத்தால், நாம் இல்லாத இடத்தில் அவர்கள் வெறுங்கையோடு நிற்க நேரிடும்.

ஆடிக் காற்று அடங்கிவிட்டது. பேருந்து நிலையத்தில் தென்திசைப் பேருந்துகள் வழக்கம்போல் வந்து போகின்றன. கருவாட்டு வாசனை வீசும்போதெல்லாம், யாராவது சாக்கு மூட்டையுடன் இறங்குகிறார்களா என்று என் கண்கள் தேடுகின்றன.